மென்பொருளைக் கட்டிக் கொடுக்கும் செருகுநிரல்கள்: எதை நம்பி எடுப்பது?



கணினித் துறையில் பிள்ளை வேலை செய்யும் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "பில்டு ஓடிக்கிட்டு இருக்கும்மா, முடிஞ்சதும் சாப்பிட வர்றேன்." அது என்ன ஓட்டம், எங்கே ஓடுகிறது, ஏன் ராத்திரி பதினொரு மணிக்கு ஓட வேண்டும் என்று அம்மாவுக்குப் புரிவதில்லை. பிள்ளைக்கும் அதை விளக்கப் பொறுமை இருப்பதில்லை.

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டபோது நேரம் போதவில்லை. அங்கே பேசியதையும் பேசாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் நிரலாளர் அல்ல. கேள்வி கேட்பது என் தொழில். அதனால் நிரல் எழுதும் இளையர்கள் முதல் சில பத்திகளில் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கான செய்தி பின்னால் வருகிறது.

நிரலாளர் எழுதுவது மூல நிரல். அது மனிதர் படிக்கக்கூடிய எழுத்து. கணினி அதை அப்படியே ஏற்காது. முதலில் இயந்திரத்துக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மற்றவர்கள் எழுதிவைத்த நூலகங்களைச் சரியான பதிப்பில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஓட வேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் சேர்த்துத்தான் பில்டு என்று பெயர்.

இதைக் கையால் செய்தால் ஏதாவது ஒன்று விடுபட்டே தீரும். 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதியதற்கே அதுதான் காரணம். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், பிழையை ஏற்கெனவே திருத்திவிட்ட ஒரு நிரலில் காலைப்பொழுது முழுவதும் பிழை தேடிக்கொண்டிருந்தாராம். திருத்தியவர் மறுபடி தொகுக்க மறந்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல். அந்த எரிச்சலில் பிறந்த கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஜாவா மொழி பரவியதும் அதற்கென்று தனிக் கருவிகள் வந்தன. 2000-இல் 'ஆன்ட்', 2004-இல் 'மேவன்' 1.0 பதிப்பு, 2012-இல் 'கிரேடில்' 1.0 பதிப்பு. வங்கி, காப்பீடு, அரசாங்க முகப்புச் சேவை என்று ஜாவாவில் எழுதப்படும் பெரிய மென்பொருள்களில் பெரும்பாலானவை மேவன் அல்லது கிரேடில் வழியாகத்தான் வெளியே வருகின்றன. 2013-இல் அறிமுகமான ஆன்ட்ராய்டு ஸ்டூடியோ, கிரேடிலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் கைப்பேசியில் உள்ள செயலிகளில் பல அந்த வழியாக வந்தவை. இவை எல்லாமே திறமூலக் கருவிகள். யாரும் பதிவிறக்கலாம், உள்ளே படிக்கலாம், மாற்றலாம். காசு கிடையாது.

இங்கேதான் செருகுநிரல் வருகிறது. மேவனைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, அது தானாக ஏறக்குறைய எதையும் செய்வதில்லை என்பதுதான். நிரலைத் தொகுப்பது ஒரு செருகுநிரல். சோதனையை ஓட்டுவது 'ஷுவர்ஃபயர்' என்ற இன்னொரு செருகுநிரல். பொட்டலம் கட்டுவது மற்றொன்று. வீட்டு மிக்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மிளகாய்த் தூளுக்கு ஒரு ஜார், சாறு பிழிய ஒரு ஜார். மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறான ஜாரைப் பொருத்தினால் சட்னி சட்னியாக வராது.

தற்செயலாக, ஜாவாவில் கட்டப்படும் பொட்டலத்துக்கும் 'ஜார்' என்றுதான் பெயர்.

பலகாரமும் டப்பாவும்

ஒரே வேலைக்கு மூன்று நான்கு செருகுநிரல்கள் இருக்கும்போது எதை எடுப்பது? பொட்டலம் கட்டும் வேலையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் மென்பொருள் வேறு முப்பது நூலகங்களை நம்பி இருக்கிறது. அவை அத்தனையும் சேர்ந்து ஒரே கோப்பாக, ஒரே கட்டளையில் ஓட வேண்டும். மேவனில் இதற்கு மூன்று வழிகள் பெயர் பெற்றவை: 'அசெம்ப்ளி', 'ஷேடு', 'ஸ்பிரிங் பூட்' செருகுநிரல்.

தீபாவளிக்கு அச்சு முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம் எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் வழி, எல்லா டப்பாவையும் திறந்து ஒரே பெரிய டின்னில் கொட்டுவது. அசெம்ப்ளியில் உள்ள ஆயத்த முறை ஏறக்குறைய இதுதான். எளிது, வேகம். ஆனால் டின்னுக்குள் எது யார் வீட்டுப் பலகாரம் என்று தெரியாது. மோசமானது என்னவென்றால், இரண்டு டப்பாக்களில் ஒரே பெயரில் ஒரு சீட்டு இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். ஜாவா நூலகங்கள் பல, 'நான் இந்தச் சேவையைத் தருகிறேன்' என்று ஒரே பெயருள்ள கோப்பில் எழுதி வைக்கின்றன. அந்தக் கோப்புகளை ஒன்றிணைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதினால், பில்டு வெற்றி என்றுதான் திரை சொல்லும். ஓட்டும்போதுதான் ஏதோ ஒரு பகுதி மட்டும் வேலை செய்யாது. இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் பலர்.

இதில் அசெம்ப்ளியைக் குறை சொல்லவும் முடியாது. ஆயத்த முறை அடிப்படைத் தேவைக்கு மட்டுமே போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஷேடைப் பயன்படுத்துங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. கையேட்டைப் படிக்காமல் இணையத்தில் கிடைத்த நான்கு வரியை ஒட்டிவிட்டுப் போவது நம் பழக்கம். அசெம்ப்ளியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நிரல், அமைப்புக் கோப்புகள், தொடக்கக் கட்டளை, கையேடு ஆகியவற்றை நீங்கள் சொன்ன அடைவு அமைப்பில் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டித் தருவதில் அதற்கு நிகர் இல்லை.

இரண்டாவது வழி ஷேடு. இதுவும் ஒரே டின்னில்தான் கொட்டுகிறது. ஆனால் கொட்டுவதற்கு முன் சீட்டுகளைப் பார்த்து ஒன்றிணைக்கும் வசதி உண்டு. அந்த ஒன்றிணைப்பை நீங்கள் வெளிப்படையாகக் கேட்டால்தான் செய்யும் என்பதை மறக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, பெயர் மாற்றும் வசதி. உங்கள் நிரலுக்கு ஒரு நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டும். உங்கள் வாடிக்கையாளரின் நிரலுக்கு அதே நூலகத்தின் புதிய பதிப்பு வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் மோதும். ஷேடு உங்கள் பொட்டலத்துக்குள் இருக்கும் பழைய பதிப்பின் பெயரையே மாற்றி, அதைக் கூப்பிடும் இடங்களையும் சேர்த்துத் திருத்திவிடும். வெளியார் பயன்படுத்த நூலகம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஷேடைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. சில நூலகங்கள் கையெழுத்திட்டு வரும். அதைப் பிரித்து வேறு பொட்டலத்தில் சேர்த்தால் கையெழுத்து பொருந்தாது. கையெழுத்துக் கோப்பு செல்லாது என்று ஜாவா நின்றுவிடும். கையெழுத்துக் கோப்புகளை விலக்கச் சொல்லி அமைப்பில் சில வரிகள் எழுத வேண்டும். அதோடு, பயன்படாத பகுதிகளை வெட்டிக் கோப்பைச் சிறிதாக்கும் வசதியும் ஷேடில் இருக்கிறது. என் கருத்து, அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஓடும் நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடப்படும் பகுதிகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. தேவையானதையும் வெட்டி எறிந்துவிடலாம்.

மூன்றாவது வழி ஸ்பிரிங் பூட். இது டப்பாக்களைத் திறப்பதே இல்லை. சின்ன டப்பாக்களை அப்படியே பெரிய பெட்டிக்குள் அடுக்கி, அவற்றைத் திறந்து எடுக்கத் தெரிந்த ஓர் ஆளையும் உள்ளேயே உட்கார வைக்கிறது. சீட்டுகள் மோதுவதில்லை, கையெழுத்து கெடுவதில்லை, எந்த நூலகம் எந்தப் பதிப்பு என்பது பெயரிலேயே தெரியும். 2020-இல் வந்த 2.3 பதிப்பு முதல் பெட்டியை அடுக்கடுக்காகப் பிரிக்கவும் முடிகிறது. மேகக் கணினிக்கு அனுப்பும்போது மாறிய அடுக்கு மட்டும் போனால் போதும். ஆனால் உங்கள் ஜாரை இன்னொருவர் நூலகமாகத் தன் நிரலில் சேர்க்க வேண்டும் என்றால் இந்தப் பெட்டி அப்படியே ஒத்துவராது.

கிரேடில் பக்கத்தில் ஷேடின் வேலையைச் செய்வது 'ஷேடோ' என்ற செருகுநிரல். அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2021 டிசம்பர் நடந்தது

இதெல்லாம் நிரலாளர்களின் ருசி பற்றிய வாதம் என்று நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். எந்த டப்பாவில் போட்டால் என்ன? அதற்கு 2021 டிசம்பர் மாதம் பதில் சொன்னது.

'லாக்ஃபோர்ஜே' என்பது நிரல் என்ன செய்தது என்று பதிவேட்டில் குறித்துவைக்கும் சின்ன நூலகம். உலகம் முழுவதும் எண்ணற்ற ஜாவா மென்பொருள்களுக்குள் அது இருக்கிறது. அந்த மாதம் 10-ஆம் தேதி வாக்கில் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு வரியை எப்படியாவது பதிவேட்டில் விழ வைத்தால் போதும். நூலகமே வெளியில் இருக்கும் கணினியைத் தொடர்புகொண்டு, அங்கிருந்து வரும் நிரலை எடுத்து ஓட்டிவிடும். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் அந்த வரியைத் தட்டியே வழங்கிக் கணினியைப் பிடிக்க முடிந்தது. கடுமையை அளக்கும் அளவுகோலில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு 10.

திருத்திய பதிப்பு 2.15.0 உடனே வந்தது. அதிலும் குறை இருந்ததால் 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று வந்தன. ஆனால் நிறுவனங்களைத் திணறவைத்தது திருத்தம் அல்ல. 'நம்மிடம் அது எங்கே இருக்கிறது?' என்ற கேள்விதான்.

முதலில் எல்லாரும் செய்தது, கணினி முழுவதும் அந்த நூலகத்தின் கோப்புப் பெயரைத் தேடியதுதான். தனி டப்பாவாக வெளியே இருந்தவை கிடைத்துவிட்டன. ஸ்பிரிங் பூட் பெட்டிக்குள் இருந்தவை, பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த தேடுகருவிக்கு மட்டுமே அகப்பட்டன. ஒரே டின்னில் கொட்டியவற்றில் டப்பாவும் இல்லை, பெயரும் இல்லை. குறையுள்ள அந்த ஒரு வகுப்பின் பெயரை வைத்து உள்ளே தேட வேண்டியிருந்தது. ஷேடு பெயரையும் மாற்றியிருந்தால் அது இருக்கும் முகவரியே வேறு. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த செருகுநிரல், அந்த டிசம்பரில் ஒரு குழு எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. பொட்டலத்தைக் கட்டியவரே வேலையை விட்டுப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதன் பிறகு மதிப்புக் கூடிய செருகுநிரல் 'சைக்ளோன்டிஎக்ஸ்'. பில்டு ஓடும்போதே உள்ளே என்னென்ன நூலகம், எந்தப் பதிப்பு, என்ன உரிமம் என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கும். பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியல் மாதிரி. அமெரிக்க அதிபரின் 2021 மே மாத ஆணை அரசாங்கம் வாங்கும் மென்பொருளுக்கு இத்தகைய பட்டியலை வலியுறுத்தியது. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் திருத்தி வெளியிட்ட தொழில்நுட்ப இடர் வழிகாட்டியும், திறமூல நிரல்களைச் சோதித்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்கிறது. ஆகவே வங்கிக்கு மென்பொருள் செய்து தரும் நம்மவர் நிறுவனம் சிறியதாக இருந்தாலும் இந்தக் கேள்வி அவர்களிடமும் வரும்.

பதினொன்று என்ற எண்

குறையுள்ள நூலகம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் செருகுநிரல்களில் அதிகம் பேசப்படுவது, ஓவாஸ்ப் அமைப்பின் 'டிபென்டன்சி-செக்'. மேவனிலும் ஓடும், கிரேடிலிலும் ஓடும். உங்கள் நூலகங்களை எடுத்து, அமெரிக்காவின் தேசியப் பாதிப்புத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தரும்.

குறையின் கடுமை இத்தனை மதிப்பெண்ணைத் தொட்டால் பில்டையே நிறுத்திவிடு என்று அதற்குச் சொல்லி வைக்கலாம். அந்த மதிப்பெண் 0 முதல் 10 வரை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் எல்லை எவ்வளவு தெரியுமா? 11. அதாவது எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தாலும் பில்டு நிற்காது! 10-க்கு 10 வாங்கிய லாக்ஃபோர்ஜேயே இருந்தாலும் நிற்காது. அறிக்கையில் எழுதி வைத்துவிட்டு வழிவிடும். இது ஒளித்துவைத்த சூழ்ச்சி அல்ல. கையேட்டிலேயே காரணத்தோடு எழுதியிருக்கிறது. நிறுவிய அன்றே எல்லாருடைய பில்டையும் நிறுத்தினால் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நியாயமும் இருக்கலாம். ஆனால் 'எங்கள் பில்டில் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது' என்று கூட்டத்தில் மார்தட்டுகிறவரிடம், 'எந்த எண்ணில் நிற்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்தச் செருகுநிரலுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. பெயரை வைத்து ஊகித்துப் பொருத்துவதால், தொடர்பே இல்லாத நூலகத்தின் மீது பழி விழும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குப் பட்டியலில் எழுத வேண்டும். 2023 கடைசியில் வந்த 9-ஆம் பதிப்பு முதல் தரவுத்தளத்தின் அனுமதித் திறவுகோல் இல்லாமல் ஓட்டினால் முதல் பதிவிறக்கம் நத்தை வேகம்தான். 2024 தொடக்கத்தில் அந்தத் தரவுத்தளமே புதிய குறைகளை ஆராய்வதில் பின்தங்கிப் பெரிய நிலுவை சேர்ந்தது. செருகுநிரல் நல்லதாக இருந்தாலும் அதற்குத் தகவல் வரும் ஊற்று வற்றினால் என்ன செய்ய முடியும்?

செத்துப்போன கருவியும் உயிரோடிருக்கும் பெயரும்

நிரலில் உள்ள தவறுகளைத் தேடும் செருகுநிரல்கள் மூன்றைப் பற்றி நேயர்கள் கேட்டிருந்தார்கள். 'செக்ஸ்டைல்', 'பிஎம்டி', 'ஸ்பாட்பக்ஸ்'. இவற்றைப் போட்டியாளர்கள் என்று நினைப்பது சரியல்ல. செக்ஸ்டைல் எழுத்து முறையைப் பார்க்கிறது. இடைவெளி, பெயரிடும் ஒழுங்கு, விளக்கக் குறிப்பு. பள்ளியில் கையெழுத்துக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் மாதிரி. பிஎம்டி மூல நிரலைப் படித்துப் பயன்படாத மாறி, வெறுமையாக விடப்பட்ட பகுதி போன்றவற்றைக் காட்டுகிறது. ஒரே நிரலை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் பிடித்துவிடும். ஸ்பாட்பக்ஸ், தொகுத்து முடித்த பிறகு கிடைக்கும் இயந்திர வடிவத்தை ஆராய்ந்து, ஓடும்போது விழக்கூடிய குழிகளைத் தேடுகிறது. ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் நான் ஸ்பாட்பக்ஸ் பக்கம் சாய்வேன். கையெழுத்து அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பாட்பக்ஸுக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஃபைண்ட்பக்ஸ்' என்ற புகழ்பெற்ற கருவியின் வாரிசு அது. ஃபைண்ட்பக்ஸின் கடைசிப் பதிப்பு 3.0.1 வந்தது 2015-இல். அதன் பிறகு வேலை நின்றுபோனது. பங்களித்து வந்தவர்கள் அதன் நிரலை எடுத்துப் பெயரை மாற்றி, 2017-இல் ஸ்பாட்பக்ஸ் என்று வெளியிட்டார்கள். திறமூலம் என்பதால்தான் இது முடிந்தது. வணிக மென்பொருளாக இருந்திருந்தால் கடை மூடியதோடு கதையும் முடிந்திருக்கும். ஆனால் பழைய பெயரிலேயே செருகுநிரலை வைத்திருந்தவர்களுக்கு யாரும் கதவைத் தட்டிச் சொல்லவில்லை. பில்டு ஓடியது, பச்சை விளக்கு எரிந்தது, புதிய ஜாவாவை அறியாத ஒரு கருவி தன் வேலையைச் செய்வதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் முன்பு சொன்ன ஷேடோவும் இதே வழியில் வந்தது. நீண்ட காலம் ஜான் எங்கல்மன் என்பவரின் பெயரோடு இருந்தது. 2023-இல் ஜாவா 21 வெளியானபோது அப்போதிருந்த 8.1.1 பதிப்பால் அந்தப் புதிய வடிவத்தைப் படிக்க முடியவில்லை. இன்னொருவர் கிளை ஒன்றை எடுத்து இடைவெளியை நிரப்பினார். 2024-இல் திட்டம் 'கிரேடில்அப்' என்ற குழுவுக்குக் கைமாறி, செருகுநிரலின் அடையாளப் பெயரும் மாறியது. பழைய அடையாளத்தை வைத்திருந்தால் புதிய பதிப்பு வந்ததே உங்கள் பில்டுக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு செருகுநிரல்களை ஒப்பிடும்போது வசதிப் பட்டியலை மட்டும் பார்த்துப் பயனில்லை. கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள், புதிய ஜாவா வந்தபோது எவ்வளவு சீக்கிரம் ஈடுகொடுத்தது என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் மேவனுக்கும் கிரேடிலுக்கும் வேறுபாடு உண்டு. மேவன் மெதுவாக மாறுகிறது. பத்தாண்டுக்கு முந்திய செருகுநிரல் பலவும் இன்னும் ஓடும். கிரேடில் வேகமானது, மாறாத பகுதியை மறுபடி தொகுக்காமல் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அது பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் பழைய செருகுநிரல்களில் சில விழுந்துவிடுகின்றன. கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் குழுவுக்குக் கிரேடில் சரி. கட்டி வைத்துவிட்டு ஐந்து ஆண்டு தொடாமல் விடப்போகும் மென்பொருளுக்கு மேவன்தான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்குள் விட்ட ஆள்

நூலகம் உங்கள் பொட்டலத்தோடு வாடிக்கையாளரிடம் போகிறது. செருகுநிரல் போவதில்லை, உங்கள் கணினியிலேயே ஓடி முடித்துவிடும். அதனால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் கவலை அங்கேதான் கூடுதல். உங்கள் கடவுச்சொற்கள், திறவுகோல்கள் எல்லாம் இருக்கும் கணினியில், உங்களுக்குள்ள அதே அதிகாரத்தோடு அது ஓடுகிறது.

2024 மார்ச் 29-ஆம் தேதி ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியில் புறவாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை உலகுக்குச் சொன்னார். தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியபோது அகப்பட்டது. நச்சு நிரலைக் கட்டும் வேலையை எழுப்பிவிட்ட வரிகள், எல்லாரும் படிக்கும் பொது மூல நிரலில் இல்லை. வெளியீட்டுக்குக் கட்டிய பொட்டலத்தில் இருந்த பில்டு கட்டளைக் கோப்புக்குள் இருந்தன. அதை வைத்த ஆள், நல்ல தன்னார்வலராக நடித்து இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்தவர்.

2025 மார்ச்சில் நடந்தது இன்னும் நேரடியானது. 'கிட்ஹப்' தளத்தில் பில்டு வேலைகளோடு சேர்த்துக்கொள்ளும் திறமூலத் துணை நிரல் ஒன்று, எந்தக் கோப்புகள் மாறின என்று மட்டும் சொல்வது, ஊடுருவப்பட்டது. 23,000-க்கும் மேற்பட்ட திட்டங்கள் அதைப் பயன்படுத்தின. பழைய பதிப்பு எண்கள் எல்லாமே நச்சு நிரலைச் சுட்டும்படி மாற்றப்பட்டன. அது ஓடிய இடங்களில் இரகசியத் திறவுகோல்கள் பதிவேட்டில் அச்சாயின. பதிப்பு எண்ணை மட்டும் எழுதியிருந்தவர்கள் மாட்டினார்கள். மாற்ற முடியாத முழு அடையாளக் குறியை எழுதி வைத்தவர்கள் தப்பினார்கள்.

மேவன் நடுவண் களஞ்சியத்தில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பை மாற்றவோ நீக்கவோ முடியாது என்பது விதி. இது பெரிய ஆறுதல். அந்தக் களஞ்சியம் 2020 ஜனவரி முதல் பாதுகாப்பில்லாத இணைப்பை ஏற்பதில்லை. 2021-இல் வந்த மேவன் 3.8.1, வேறு களஞ்சியங்களிலிருந்து அப்படி வருவதையும் தடுக்கிறது. கிரேடிலில் 2020-இல் வந்த 6.2 பதிப்பு முதல், செருகுநிரல் உட்பட ஒவ்வொரு கோப்பின் கைரேகையையும் சரிபார்க்கலாம். ஆனால் நாமாகத் தொடங்கி வைத்தால்தான் அது நடக்கும். மேவனிலும் செருகுநிரலின் பதிப்பை எழுதாமல் விட்டால் எச்சரிக்கை வரும், வேலை நிற்காது. அந்த மஞ்சள் எழுத்து எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்பக்ஸும் செக்ஸ்டைலும் எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகின்றன, மேவன் அப்பாச்சி உரிமத்தில். அவை உங்கள் கணினியில் ஓடிவிட்டு நின்றுவிடுவதால், அந்த உரிமம் உங்கள் மென்பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் ஷேடு கொண்டு மற்றவர் நூலகங்களை ஒரே டின்னில் கொட்டும்போது, அவர்களுடைய அறிவிப்புக் கோப்புகளும் ஒன்றையொன்று மறைக்கும். அப்பாச்சி உரிமம் அந்த அறிவிப்பைக் கூடவே கொண்டுபோகச் சொல்கிறது. அதை ஒன்றிணைக்கவும் ஷேடில் வழி உண்டு. அமைப்பில் எழுத வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. சின்னதாக ஒரு ஜாவா நிரல் எழுதுங்கள். லாக்ஃபோர்ஜேயின் திருத்திய பதிப்பை அதில் சேருங்கள். அசெம்ப்ளி, ஷேடு, ஸ்பிரிங் பூட் மூன்றிலும் கட்டுங்கள். ஜார் என்பது வேறு பெயரில் உள்ள ஜிப் கோப்புதான், மூன்றையும் திறக்கலாம். ஒவ்வொன்றிலும் லாக்ஃபோர்ஜே எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு ஷேடில் பெயர் மாற்றத்தைப் போட்டு மறுபடி கட்டி, உங்களோடு படிக்கும் நண்பரிடம் கொடுத்து, அவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.